ஜப்பான் தோட்டத்துக் குப்பை வாளி

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து கோணலாய்த்தான் வரும். நடந்ததை முன்னுக்குப் பின்னாய்ச் சொல்லுவேன், சில சொற்கள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுவிடும், இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேணும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து கதைக்க எனக்கு இந்த வயதிலும் கூச்சம். கடதாசி என்னைத் திரும்பிப் பார்க்காது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எழுதுகிற மேசையில், எனக்கு முன்னால், ஒரு பிளாஸ்டர் பெட்டி இருக்கிறது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்தான், ஆனால் தோல் நிறம் இல்லை, பளிச்சென்ற நீலம். சாப்பாடு செய்கிற தொழிற்சாலைகளில் இதைத்தான் தருவார்கள். கையில் இருந்து கழன்று பாணுக்குள் விழுந்தாலும் சலாட்டுக்குள் விழுந்தாலும் உடனே கண்ணில் குத்தும், ஏனென்றால் நீலத்தில் ஒரு சாப்பாடும் இல்லை. நான் வேலையை விட்டுக் கனகாலமாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடும்போது இந்தப் பெட்டி என் கைப்பைக்குள் இருக்கும். அது என் மச்சாளுக்காக.

மச்சாள் என்றால் என் மனுசனின் அக்கா. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. எனக்கு முதலே லண்டனுக்கு வந்தவ. நானும் இவரும் வந்தபோது கிங்ஸ்பரியில் தான் இருந்த வீட்டின் மேல் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்து, அடுத்த கிழமையே தான் வேலை செய்த சான்ட்விச் தொழிற்சாலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனா. எனக்கு இங்கிலிசில் ‘யெஸ்’ மட்டும்தான் தெரியும். “எனக்கு யெஸ்ஸும் தெரியும், நோவும் தெரியும். அவ்வளவுதான் எனக்கும் உனக்கும் வித்தியாசம்” என்று அவ சொல்லிச் சிரிப்பா. உள்ளுக்குள் எப்போதும் பிரிட்ஜுக்குள் நிற்கிற மாதிரிக் குளிர். வெள்ளை அங்கி, தலைக்கு வலை, காலுக்கு ரப்பர் சப்பாத்து. ஓடுகிற பெல்ட்டில் மச்சாள் பாண் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு போவா, பக்கத்தில் நின்று நான் முட்டைக் கலவையைப் பூசுவேன். அந்த முட்டை மணம் வீட்டுக்கு வந்து முழுகினாலும் தலையில் நிற்கும்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. மோதிரம், காப்பு, சங்கிலி, கயிறு ஒன்றும் உடம்பில் இருக்கப்படாது. புதிதாய் வந்த சூப்பவைசர் ஒரு நெடுத்த வெள்ளைக்கார மனுசி. உள்ளே விட முதல் ஒவ்வொருவரின் கழுத்துப் பட்டியையும் விரலால் தூக்கிப் பார்ப்பா. மச்சாளின் கழுத்தில் ஒரு மண்ணிற நூல் கிடந்தது. அது உத்தரியம். எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் போடுகிறதுதான், இரண்டு சின்னச் சதுரத் துணி, நெஞ்சில் ஒன்று முதுகில் ஒன்று, இரண்டையும் சேர்த்துத் தோளுக்கு மேலால் நூல் ஓடும். அதைப் போட்டபடி சாகிறவர்களை மாதா கைவிடமாட்டா என்று நம்பிக்கை. சூப்பவைசர் கழற்றச் சொன்னா. மச்சாள் “நோ” என்று சொன்னா.  “மச்சாள், வேலை போயிடும்” என்று நான் அழாக்குறையாய்ச் சொன்னேன். “போகட்டும் பிள்ளை. வேலை வேற எடுக்கலாம்” என்றுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. அந்த வெள்ளைக்காரி கொஞ்ச நேரம் அவவின் முகத்தைப் பார்த்தா, திரும்பிப் போனா, ஒரு நீலப் பிளாஸ்டர் பெட்டியோடு வந்தா. தன் கையாலேயே நெஞ்சுத் துண்டின் மேல் இரண்டு, முதுகுத் துண்டின் மேல் இரண்டு, நூல் முழுக்க மறைய மறைய ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டா. அன்றிலிருந்து வேலை தொடங்க முதல் அதுதான் எங்கள் அலுவல். முன்பக்கம் அவவே ஒட்டுவா. முதுகுக்குக் கை எட்டாது, அது என் வேலை. வேலை முடிந்து உரிக்கும்போது தோல் சிவந்து கிடக்கும். “கோழிக்கு மயிர் பிடுங்கின மாதிரி இருக்கோ?” என்று கேட்பா.

எல்லாரும் உத்தரியம் பழுதானால் மாற்றுவார்கள். நானும் எத்தனையோ மாற்றிவிட்டேன். மச்சாள் மாற்றவும் மாட்டா, தோய்க்கவும் மாட்டா. குளிக்கும்போதுகூட நனையவிடமாட்டா. நூலை இழுத்து இரண்டு துண்டையும் சேர்த்துத் தூக்கி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு தலையை அண்ணாந்து நின்று குளிப்பா. ஒருநாள் நான் பகிடியாய், “மச்சாள், இது கருவாட்டுத் துண்டு மாதிரிக் கிடக்கு, கோயில் சுவாமியாரிட்டைச் சொல்லிப் புதுசு ஒண்டு எடுப்பம்” என்றேன்.  அடுத்த நாள் பஸ்சுக்கு நிற்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே அவ சொன்னா. கலவரத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடித்திரிந்த காலத்தில் அவவின் முதல் பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளை, நடை பழகாதது, காய்ச்சல் கண்டு வழியிலேயே செத்துப்போனது. அடக்கம் பண்ணச் சேமக்காலை இல்லை, சுவாமியார் இல்லை, ஒரு பாலை மரத்தடியில் தாட்டார்கள். அன்று பின்னேரமே அந்த இடத்தை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. திரும்பிப் போய்ப் பார்க்க அந்த மரத்தை அடையாளம் பிடிக்க ஏலாது என்று அவவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. மேல் மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, ஆரிடமோ ஊசி வாங்கி, உத்தரியத்தின் முதுகுத் துண்டைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறா. “ஏன் மச்சாள் முதுகிலை?” என்று நான் கேட்டேன். “நெஞ்சிலை வைச்சால் குனிஞ்சு குனிஞ்சு பார்ப்பன். வேலை செய்யேலாது” என்றா. பிறகு, “எடி பிள்ளை, என்ர சவப்பெட்டி மூடேக்கை இது என்ர உடம்பிலை கிடக்கவேணும். பிள்ளையளிட்டை நான் சொல்லேல்லை, அதுகளுக்கு ஏன் இந்தப் பாரம். உன்னிட்டைத்தான் சொல்லுறன்” என்றா. பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் முதுகில் பிளாஸ்டர் ஒட்டுகிற விதமே மாறிப்போனது. அழுத்தமாட்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே வந்து பிறந்த மகனை எல்லாரும் மூத்தவன் என்றுதான் சொல்லுவோம். மச்சாள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘பெரிய தம்பி’ என்றுதான் கூப்பிடுவா.

இப்போது மச்சாளுக்கு ஞாபகம் போய்விட்டது. என்னைச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. தோர்ண்டன் ஹீத்தில் பெரிய தம்பியின் வீட்டில் இருக்கிறா. மருமகளைப் பற்றி நான் குறை எழுதப்போகிறேன், அதனால் இதை முதலே எழுதிவிட வேணும். மச்சாளின் மலம் சலம் அள்ளுகிறது, குளிப்பாட்டுகிறது, சோறு தீத்துகிறது எல்லாம் அந்தப் பிள்ளைதான். பெற்ற மகன் செய்கிறதில்லை. அதை மறைத்தால் எனக்குத்தான் பாவம். ஆனால் அவளுக்கும் ஒன்று நன்றாய்த் தெரியும். மற்ற எல்லாவற்றையும் மறந்த மச்சாள், குளிக்கவார்க்கும்போது நூலைத் தூக்கிப் பல்லில் கடிக்க மட்டும் மறக்கவில்லை. கழற்றப் பார்த்தால் அயலட்டைக்குக் கேட்கக் கத்துவா. அதனால் ஊத்தைக் கயிறு என்று முகம் சுளித்துக்கொண்டு அதைக் கழுத்திலேயே விட்டுவைத்திருந்தாள்.

போன வருசம் வெயில் காலத்தில் மச்சாளுக்கு எண்பதாவது பிறந்தநாள். எல்லாரும் எடுக்கிற மினுமினுப்புக் கலியாண ஹோல் வேண்டாம் என்று பெரிய தம்பி லண்டனுக்குள்ளேயே ஒரு ஜப்பான் தோட்டத்தை எடுத்தான். ஒரு நீளமான மதிலுக்குப் பின்னால் அப்படி ஒரு இடம் இருப்பது பஸ்சில் போகிறவர்களுக்குத் தெரியாது. உள்ளே தோட்டம், குளம், பக்கத்தில் விழா வைக்கிற மண்டபம். அவர்கள் குடும்பமாய் ஜப்பானுக்கு விடுமுறை போய் வந்தவர்கள், அந்த மயக்கம் இன்னும் தெளியவில்லை. மச்சாள் வாழ்க்கையில் ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்தது எனக்கு ஞாபகம் இல்லை.

தோட்டத்தை நான் குறை சொல்லவில்லை. செய்தவர்கள் பொறுமையோடு செய்திருந்தார்கள். தோட்டம் என்று பெயர், ஒரு பூ இல்லை, அதுதான் முதலில் எனக்குப் புதினமாய் இருந்தது. பாசி, கல்லு, வளைந்த மரம், தண்ணீர். ஒரு மூங்கில் குழாய் தண்ணீர் நிறைந்ததும் சரிந்து கல்லில் ‘டொக்’ என்று இடிக்கும், திரும்ப நிமிரும். “ஆரோ கதவைத் தட்டிக்கொண்டே நிக்கிறாங்கள், ஒருத்தரும் திறக்கிறீங்கள் இல்லை” என்று ஒரு கிழவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். குளத்தில் செம்மஞ்சள் மீன்கள் கைமுழம் நீளத்துக்கு ஓடின. “இதிலை ஒண்டு பிடிச்சால் இரவைக்குச் சொதிக்குக் காணும்” என்றார் அவரே. நடைபாதையில் ஒரு இடத்தில் கறுப்புக் கயிற்றால் பொதி மாதிரிக் கட்டிய ஒரு சின்னக் கல் இருந்தது. மச்சாளின் பேத்தி, யூனிவர்சிட்டியில் படிக்கிறவள், என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கிங்ஸ்பரி ஆச்சி, அங்கால போகக் கூடாது. அந்தக் கல் இருந்தா நோ என்ட்ரி எண்டு அர்த்தம்.” அதற்குப் பக்கத்தில் வெள்ளை மணல், சீப்பால் தலை இழுத்த மாதிரிக் கோடு கோடாய். “இதில கால் வைச்சிடாதீங்கோ. இது சும்மா மண் இல்ல ஆச்சி, அவங்களுக்கு அது ஹோலி மாதிரி. ஒவ்வொரு நாளும் காலமை கும்பிடுற மாதிரி இருந்து கோடு போடுவாங்க.” எங்கள் சனம் முழுக்க அந்த மணலைச் சுற்றி விரல் நுனியில் நடந்தது. ஒரு சின்னப் பிள்ளை ஒரு காலை வைத்துவிட்டது. தகப்பன் அதன் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, குந்தியிருந்து, கோட்டு உடுப்போடு, தன் கையால் அந்தக் கோட்டைத் திருப்பி இழுத்துவிட்டார். எனக்கு அது பிடித்தது. எங்கள் ஆட்களுக்கு மரியாதை தெரியும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் நின்றது. பச்சை மீனைச் சோற்றில் சுற்றித் தட்டுத் தட்டாய் வைத்தார்கள். கடற்கரையில் பிறந்த எங்களுக்குப் பச்சை மீன் என்றால் அது பூனைக்கு எறிகிறது. ஜப்பான்காரருக்கு அது சாப்பாடு, சரி. வேண்டாம் என்றால் எடுக்காமல் விடலாம். எங்கள் ஆட்கள் தட்டு நிறைய எடுத்து, ஒன்றைக் கடித்து, கடதாசியில் துப்பி, அந்தக் கடதாசியைத் தட்டிலேயே வைத்தார்கள். வெளிச்சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று அங்கே சட்டம். பெரிய தம்பியின் சிநேகிதர்கள் காரின் டிக்கியில் ஆட்டிறைச்சி ரோல்சும் கொத்துரொட்டியும் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆம்பிளைகள் கார் நிறுத்துகிற இடத்துக்கும் மண்டபத்துக்கும் கள்ளர் மாதிரி ஓடித் திரிந்தார்கள். எண்ணெய்க் கையைக் கழுவ அவர்களுக்கு அகப்பட்டது வாசலில் இருந்த கல்தொட்டி. அது உள்ளே வருகிறவர்கள் சுத்தத்துக்காக இரண்டு சொட்டுத் தண்ணீர் கையில் விடுகிற தொட்டி. ஒருவர் அதில் வாய் கொப்பளித்துத் துப்பினார். சப்பின எலும்புத் துகள் பாசியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு ஓங்காளம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன், மச்சாளைப் பார்ப்போம் என்று.

மச்சாளுக்குக் கிமோனோ கட்டியிருந்தார்கள். அது மண்டபத்தோடு சேர்ந்து வருகிற ஒரு அலுவல், பக்கத்து அறையில் ஒரு ஜப்பான் மனுசி உடுத்திவிடுவா, பிறகு தோட்டத்தில் வைத்துப் படம் பிடிப்பார்கள். சேலையைத் தவிர வேறொன்று உடுத்தாத மச்சாள், சாம்பல் நிறப் பட்டில் ஒரு பொம்மையைச் சுற்றி வைத்த மாதிரிச் சக்கரக் கதிரையில் இருந்தா. அதிலே நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோசமாய் இருந்தால் சரி. படம் எல்லாம் எடுத்து முடித்து, மருமகள் அவவைக் கழுவறைக்குக் கொண்டுபோய் வந்து, தானே அந்த உடுப்பைத் திரும்பச் சுற்றிக் கட்டினாள். அப்போதுதான் அந்த ஜப்பான் மனுசி கண்டுவிட்டு ஓடிவந்தா. கும்பிடுகிற மாதிரிக் குனிந்து குனிந்து ஏதோ சொல்லி, அவதிப்பட்டு, நெஞ்சில் இருந்த மடிப்பைப் பிரித்து மாற்றிக் கட்டினா. பேத்தி எனக்குச் சொன்னாள்: “அம்மா சைட் மாறிக் கட்டிப்போட்டா ஆச்சி. உயிரோட இருக்கிற ஆக்களுக்கு இடப்பக்கம்தானாம் மேல வரவேணும். வலப்பக்கம் மேல வந்தா அது செத்த ஆக்களுக்குக் கட்டுறதாம்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடிப்பு விலகின அந்த நேரத்தில் மச்சாளின் கழுத்தைக் கண்டேன். வெறுங்கழுத்து. அவவின் வலக்கை தோள்மூட்டுக்கும் கழுத்துக்கும் இடையில் எதையோ தடவிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து பிளாஸ்டர் உரித்ததும் நூல் இருக்கிறதோ என்று தடவிப் பார்ப்பாவே, அதே தடவல்.

“பிள்ளை, மச்சாளின்ர கழுத்திலை கிடந்தது எங்கை?” என்று மருமகளைக் கேட்டேன்.

“எது, சின்ன மாமி? ஓ, அந்தக் கயிறோ? கிமோனோவுக்கு மேல தெரிஞ்சது. போட்டோவில அசிங்கமா வரும் எண்டு வெட்டிட்டன். கேட்டாக் கத்துவா, அதுதான் உடுத்திற அறையில மகள் போனில பாட்டுக் காட்டேக்க பின்னால நிண்டு கட் பண்ணினனான்.”

“எங்கை வைச்சனி?”

“குப்பை பின்னில போட்டிட்டன். நீங்க கவலைப்படாதீங்கோ, சில்வரில புதுசு ஓடர் பண்ணியிருக்கிறன். நாளைக்கு வந்திடும். அது எவ்வளவு ஊத்தை தெரியுமே? தொட்டா உள்ளுக்க மண் கரகரக்குது.”

தொட்டுப் பார்த்திருக்கிறாள். மண் என்றும் தெரிந்திருக்கிறது. வெளியில், கண்ணாடிக் கதவுக்கு அங்கால், அந்த வெள்ளை மணலைச் சுற்றி எங்கள் சனம் இன்னும் விரல் நுனியில் நடந்துகொண்டிருந்தது. ஆரோ ஒருவருடைய மண்ணுக்கு அவ்வளவு மரியாதை. எனக்கு அந்த இடத்திலேயே ஓங்காளித்துச் சத்தி வரப் பார்த்தது.

பெரிய தம்பியிடம் போனேன். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “தம்பி, ஒருக்கா வெளியிலை வாறியளே, அம்மான்ரை ஒரு அலுவல்.” “மாமி, ஸ்பீச் தொடங்கப் போகுது, முடிய வாறன்” என்று என் தோளைத் தட்டினான். சனம் முழுக்க எங்களைப் பார்த்தது, கூச்சத்தில் நான் விலகிவிட்டேன். நான் கதவடியில் நிற்க அவன் தொடங்கினான். “அம்மாவின்ர மூத்த மகன் எண்ட முறையில...” என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். மச்சாளின் கை கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் வெளியே போய்விட்டேன்.

குசினிக்குப் பின்னால், அழகாய் நிறுத்தின மூங்கில் தட்டிக்கு அங்கால், சில்லு வைத்த பெரிய கறுப்புக் குப்பை வாளிகள் நின்றன. மூடியைத் தூக்கினேன். கறுப்புக் கோட்டுப் போட்ட மனேஜர் பெண் ஓடிவந்து, மேடம், மேடம், இதற்குள் கை வைக்கக்கூடாது என்றா. சுகாதாரம், சட்டம் என்று என்னவெல்லாமோ சொன்னா. எல்லாம் நியாயம்தான். நான் “நோ” என்று சொன்னேன். லண்டனுக்கு வந்து இத்தனை வருசத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து நான் சொன்ன முதல் நோ அது. அவ ஒரு அடி பின்னால் போனா. நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்கவேணும். கையுறை மட்டும் கொண்டுவந்து நீட்டினா.

உடுப்பு மாற்றுகிற அறையின் பை எது என்று பார்க்க ஒவ்வொன்றாய் அவிழ்த்தேன். வெயிலில் சூடேறின பச்சை மீன், அதில் ஈ. துப்பின கடதாசிகள் விரலில் ஒட்டின. ரோல்சைக் கடித்துப்போட்டு அதற்குள் குத்தின பற்குச்சிகள். கொத்துரொட்டி எண்ணெயும் கறுப்புச் சோயாத் தண்ணீரும் ஒன்றாய்ச் சேர்ந்து பையின் அடியில் தேங்கி நின்றது. கடைசியில் கிமோனோ சுற்றி வந்த பூப்போட்ட மெல்லிய கடதாசி கண்ணில் பட்டது. அந்தப் பைக்குள் மச்சாளுக்கு மாற்றின பாம்பர்ஸ் சுருட்டிக் கிடந்தது. அதற்கு மேல் ஆரோ சாப்பாட்டுத் தட்டுகளையும் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். நெஞ்சுத் துண்டு முதலில் வந்தது. முதுகுத் துண்டு பாம்பர்சின் மடிப்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, விரலால் அமத்திப் பார்த்தேன். கரகரத்தது. தையல் பிரியவில்லை. 

“மாமி! என்ன செய்யிறீங்கள்? ஆக்கள் பார்க்கினம்!” பெரிய தம்பி பின்னால் நின்றான். மூக்கைப் பொத்தியிருந்தான். நான் அந்தத் துண்டை அவனுக்குக் காட்டினேன்.

“இதுக்குள்ளை உங்கட அண்ணன் இருக்கிறார்” என்றேன்.

“எந்த அண்ணன்?”

குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய கதை இல்லை அது. ஆனால் அங்கேதான் சொன்னேன். பாலை மரம், காய்ச்சல், அன்று பின்னேரமே வெளிக்கிட்டது. அவன் கேட்டுக்கொண்டு நின்றான், மூக்கைப் பொத்தின கையை எடுக்கவில்லை. தோட்டத்தில் மூங்கில் குழாய் டொக் என்றது. கடைசியில், “அம்மா ஒருநாளும் சொல்லேல்லையே” என்றான். பிறகு கையை நீட்டி, “தாங்கோ மாமி, கழுவிக் கொண்டுவாறன்” என்றான். நல்ல மனதோடுதான் கேட்டான். நான் திரும்பவும் நோ என்றேன். நெஞ்சுத் துண்டைக் கழுவலாம். முதுகுத் துண்டைக் கழுவ ஏலாது. தண்ணீர் பட்டால் கரைந்து போகிறது ஊத்தை மட்டுமில்லை. “இப்பிடியேவோ கட்டப் போறீங்கள்? மணக்குது மாமி.” “மணக்கட்டும்” என்றேன்.

உள்ளே போனேன். மேலோட்டமாய்க் கடதாசியால் ஒற்றி எடுத்து, வெட்டின நூலை முடிந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மச்சாளின் கழுத்தில் போட்டேன். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கதிரையைத் தள்ளிக்கொண்டு விலகினார்கள். ஒரு மனுசி சேலைத் தலைப்பால் மூக்கை மூடினா. மச்சாளின் கை வந்து நூலைத் தொட்டது. தடவல் நின்றது. அவவுக்கு நான் குளிக்கவார்க்க வந்திருக்கிறேன் என்று பட்டதோ என்னவோ, நூலை இழுத்துத் தூக்கி, அந்தச் சோயாவும் மீன் தண்ணீரும் மற்றதும் பட்ட நூலை, வாய்க்குள் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்தா. “ஐயோ மாமி, சீ!” என்று மருமகள் கத்தினாள். ஆரோ ஓங்காளித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எனக்கு அருவருப்பு வராத ஒரே ஒரு விசயம் அதுதான்.

இது நடந்து ஒரு வருசம் முடிந்துவிட்டது, என் மனதில் அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. சில்வரில் வந்த புதிய உத்தரியம் அதன் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பெரிய தம்பி அந்தப் பிள்ளையைப் பற்றி, அதன் பெயர் என்ன என்றுகூட, இன்றுவரைக்கும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் படம் வந்துவிட்டது. மச்சாள் கிமோனோவோடு, பின்னால் அந்த வெள்ளை மணல் தெரிய, பெரிதாய்ச் சட்டம் போட்டு அவர்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் அவவின் கை கழுத்தில் இருக்கிறது. வருகிறவர்கள், “அம்மா என்ன வடிவாய்க் கை வைச்சுக்கொண்டு இருக்கிறா, ஜப்பான்காரி மாதிரி” என்கிறார்கள். நான் அந்த அறையில் இருக்கமாட்டேன். பூசை முடிந்து நேரே மச்சாளின் அறைக்குப் போவேன். அவவின் சட்டைக் கொளுக்கியைக் கழற்றி, பழைய பிளாஸ்டரை உரித்து, புதிதாய் ஒட்டுவேன். முன்னால் இரண்டு, முதுகில் இரண்டு. மருமகள் மறிக்கிறதில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு துவாயை எடுத்துத் தருவாள். முதுகுத் துண்டில் அந்த மணம் இப்போதும் இருக்கிறது. நான் அழுத்தாமல் ஒட்டுவேன்.

நான் எழுதினதில் பிழை இருக்கும். கிமோனோவில் எந்தப் பக்கம் மேலே வரவேணும் என்று பேத்தி சொன்னதைத்தான் எழுதினேன், மாறிச் சொல்லியிருக்கவும் கூடும். அந்தக் கயிறு கட்டின கல்லுக்கும் ஏதோ பெயர் சொன்னாள், மறந்துவிட்டேன். தெரிந்தவர்கள் ஒருக்கால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கோ. ஆனால் இன்னொன்றையும் சரிபார்க்கவேணும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்கும் வயது போகிறது, ஆர் முந்தி என்று தெரியாது. மச்சாள் போகும்போது நான் இல்லாவிட்டால், பூசைக்கு வருகிற ஆராவது ஒரு பெண்பிள்ளை, கூச்சப்படாமல், பெட்டி மூட முதல் அவவின் முதுகுப் பக்கம் கையை விட்டுப் பார்க்கவேணும். வடிவாய் உடுத்திவிட்டிருப்பார்கள், மணக்காமல் ஏதும் பூசியிருப்பார்கள், அதற்குப் பயப்படாதேயுங்கோ. தேட வேண்டி வராது. நீலமாய் இருக்கும், கண்ணில் குத்தும்.